சிலுப்பாத கிடா

மாமா முதல் ஆட்டைப் பின்னங்காலைப் பிடித்துத்தான் வண்டியிலிருந்து இறக்கினார். இறக்கினார் என்று எழுதுவது சரியில்லை. வீசினார். அது பக்கவாட்டில் விழுந்து, எழுந்து, நொண்டிக்கொண்டே போய்க் கம்பி வேலியில் ஒட்டி நின்றது. அக்கா ஓடிப்போய் அதன் காலைத் தடவிப் பார்த்தாள். "ஆடுன்னா விழும், எழுந்திரிக்கும். நீ என்னாத்துக்கு ஆஸ்பத்திரி நர்சு மாதிரி ஓடுற" என்றார் மாமா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மிச்சம் ஆறு ஆட்டையும் அதே மாதிரி வீசினார். நான் வண்டியின் மேல் நின்று ஒவ்வொன்றாக அவர் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். மெதுவா இறக்கு மாமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பண்ணை ஆரம்பித்த காலை இப்படித்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மாமா என்றால் என் அக்கா புருஷன். எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி கேன்டீனில் பெரிய அண்டாக்களைத் தூக்கி இறக்கும் வேலை. அக்கா அங்கேயே வேறொரு கட்டிடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை பார்த்தாள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. நான் நீலசந்திராவில் ஒரு பாய் கறிக்கடையில் இருக்கிறேன். ஆறாவதோடு படிப்பு நின்றது, அன்றிலிருந்து கத்திதான். ஆடு வளர்க்கும் யோசனை அக்காவுடையது. காண்ட்ராக்ட் மாறி அவளை வேலையிலிருந்து நிறுத்தியபோது கைக்கு வந்த பி.எஃப். பணத்தை அப்படியே ஆட்டில் போட்டாள். ஹெப்பகோடிக்கு வெளியே, லேஅவுட் போட்டுப் பாதியில் விட்ட இடத்தில், ஒரு கௌடரின் காலி நிலம் வாடகைக்குக் கிடைத்தது. ஒரு ஷீட் போட்ட அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் கம்பி வேலி.

மாமா வேலைக்கு அஞ்சுகிறவர் இல்லை. கொட்டகைக்கு இருபத்திரண்டு குழி, எல்லாம் அவர் ஒருவரே தோண்டியது. கடப்பாரை தெறிக்கிற மண் அது. ஆட்டுப் புழுக்கை கீழே விழும்படி தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் சட்டங்களை இடைவெளி விட்டு அடித்தார். அக்காவுக்கு டெங்கு வந்தபோது அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தவரும் அவர்தான். அதே கைதான் அவளை அடித்தது. குடித்தாலும் அடிப்பார், குடிக்காவிட்டாலும் அடிப்பார். சாம்பார் ஆறியதற்கு, போனை எடுக்காததற்கு, பக்கத்து சைட் மேஸ்திரியிடம் மணி கேட்டதற்கு. ஒருமுறை நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடித்தார். அக்காவின் காது கம்மல் கழன்று என் தட்டில் விழுந்தது. நான் அதை எடுத்துத் துடைத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சோற்றைத் தின்று முடித்தேன். புருஷன் பெண்டாட்டி நடுவில் நாம் யார் என்று அப்போது நினைத்தேன். அப்படி நினைத்தால் சோறு இறங்கும், அதற்காக நினைத்தேன்.

ஏழு ஆடு பதினொன்றாக ஆனது. அந்தச் சமயத்தில்தான் மாமா கேன்டீனில் மிஞ்சிய சோற்றைக் கொண்டுவந்தார். ஏதோ கம்பெனி விழா. நாலு பிளாஸ்டிக் டிரம் நிறைய வெள்ளைச் சோறு. குப்பைக்குப் போகிறதைப் பார்க்கப் பொறுக்கவில்லை அவருக்கு. "நாம ரேஷன் அரிசிக்கு லைன்ல நின்னவங்க. இதுங்களாவது ஒரு நாள் வயிறு முட்டத் தின்னட்டும்" என்று தொட்டியில் கொட்டினார். ஆடுகள் முண்டியடித்துத் தின்றன. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி. அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு என்றும் பார்த்ததில்லை. மறுநாள் விடிந்தபோது வயிறு தமுக்கு மாதிரி உப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுகள் கிடந்தன. ஆட்டு வயிற்றில் சோறு புளித்து விஷமாகும் என்று கால்நடை டாக்டர் வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். மத்தியானத்துக்குள் ஐந்து செத்தது. செத்ததைக் கடைக்கும் கொண்டுபோக முடியாது. குழி வெட்டிப் புதைத்தோம். மாமா ஒவ்வொரு ஆட்டின் தலையையும் மடியில் வைத்து அழுதார். மண்ணை மூடி முடித்ததும் எழுந்துபோய் அக்காவைத் தொட்டிக் கட்டையில் தள்ளி மிதித்தார். "நான் கொட்டும்போது பாத்துக்கினு நின்னியே, நீ சொல்லக் கூடாதா" என்று ஒவ்வொரு மிதிக்கும் கேட்டார். இரண்டு விலா எலும்பில் விரிசல். ஆஸ்பத்திரியில் ஆடு முட்டிவிட்டது என்று அக்கா சொன்னாள். அப்போது எங்களிடம் முட்டுகிற ஆடே கிடையாது.

விலாவைச் சுற்றிக் கட்டோடு வந்தவள் நேராக ஏரிக்கரை முனீஸ்வரனிடம் போனாள். மிச்சம் ஆறும் பிழைத்தால், பிறக்கிற முதல் கிடாக்குட்டி உனக்கு என்று வேண்டிக்கொண்டாள். ஆறும் பிழைத்தன. குட்டி பிறந்தது. கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. அக்கா அதன் கழுத்தில் மஞ்சள் துணி கட்டினாள். நேர்ந்துவிட்ட கிடாவை விற்கக் கூடாது, கட்டிப்போடக் கூடாது, காயடிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. மூன்றாம் வருஷம் அல்லது ஐந்தாம் வருஷம், ஒற்றைப்படையில் சாமிக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் ஜனங்களில் எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள். ஆனால் அதை ஊரில் செய்வார்கள். மலைப்பக்கம் விட்டால் போய் மேய்ந்துவிட்டு வரும். வேலி போட்ட அரை ஏக்கரில், பெட்டை ஆடுகளுக்கு நடுவில், ஒரு கிடாவை அடிக்காமல், கட்டாமல், காயடிக்காமல் மூன்று வருஷம் வளர்த்தால் என்ன ஆகும் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

அது எருமைக் கன்று மாதிரி வளர்ந்தது. தன் தாடியில் தானே மூத்திரம் விட்டுக்கொள்ளும், நாற்றம் ரோடு வரை வரும். கேட்டை முட்டி முட்டி நடுக்கம்பியை வளைத்தது. வேலியைத் தாண்டி லேஅவுட்டுக்குள் போய், ஐ.டி.காரர்கள் தொட்டியில் வைத்த செடியெல்லாம் தின்றுவிட்டு, நிறுத்தியிருந்த ஸ்கூட்டரைத் தள்ளிவிட்டு வரும். ஒரு அம்மா சண்டைக்கு வந்தாள். மஞ்சள் துணியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, "தேவர ஹோத்தா", சாமி கிடா, என்று கன்னடத்தில் சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனாள். சினைப்பட்ட ஒரு பெட்டையைச் சுவரோடு வைத்து இடித்ததில் குட்டி செத்து வெளியே வந்தது. அப்போதும் யாரும் கம்பு எடுக்கவில்லை. அக்கா அதற்குக் கையில் வைத்துப் பொட்டுக்கடலை கொடுப்பாள். அவள் எங்கே போனாலும் பின்னாலேயே போகும்.

ஒருநாள் சாயங்காலம் மாமா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அக்காவை அடிக்கப் போனார். தழை வெட்டும் கம்பு கையில். கையை ஓங்கினார். கிடா முட்டுவதற்கு முன்னால் பின்னங்காலில் எழும்பி நிற்கும். கை ஓங்கிய மனிதன் அதன் கண்ணுக்கு எழும்பி நிற்கும் இன்னொரு கிடா. அவ்வளவுதான் விஷயம், அதற்கு அக்கா மேல் பாசமெல்லாம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஓடிவந்து அவர் தொடையில் முட்டியது. விழுந்தார். எழுந்து ஒரு ஹாலோ பிளாக் கல்லைத் தலைக்கு மேல் தூக்கினார். மஞ்சள் துணியைப் பார்த்தார். கல் அப்படியே நின்றது. அவருடைய அப்பா நேர்ந்த கிடாவை உதைத்துத்தான் வாய் கோணி விழுந்தார் என்று அவருக்கு நம்பிக்கை. மெதுவாகக் கல்லைக் கீழே வைத்தார். பெண்டாட்டியை, மச்சானை, ஆட்டை, ஆட்டோ டிரைவரை, ஒருமுறை போலீஸ்காரரைக்கூட அடித்தவர், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார். நான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்து, "எங்கழுத்துல மஞ்சக்கயிறு கட்டும்போது சாமி பேர சொல்லி கட்டியிருந்தா ஒருத்தனும் கை வச்சிருக்க மாட்டான்டா" என்றாள். சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு வெளியே வைத்து அடிப்பது நின்றது. அறைக்குள் மட்டும்தான். ஒரு வாரம் கழித்து அக்கா அடுப்பை வெளியே கொண்டுவந்தாள். உள்ளே புகை என்றாள். அப்புறம் பாயை வெளியே கொண்டுவந்தாள். உள்ளே புழுக்கம் என்றாள். தார்ப்பாயின் கீழே சமையல், துவைத்தல், படுக்கை எல்லாம். கிடா பக்கத்தில் அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும். மழைக்காலத்திலும் உள்ளே போகவில்லை. அந்த இரண்டு வருஷத்தில்தான் பண்ணை பண்ணையானது. மாமா கேன்டீனுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அக்கா மார்க்கெட்டில் கழித்த முட்டைக்கோஸ் இலை, பலா இலை, அகத்தி என்று தேடித் தேடிப் போட்டாள். குட்டிக்குக் குடற்புழு மருந்து ஊற்றவும் குளம்பு வெட்டவும் தானே கற்றுக்கொண்டாள். முப்பத்தெட்டு உருப்படி. பக்ரீத்துக்கு எங்கள் பாயே அவளிடம் வந்து வாங்கினார். "உங்க அக்கா மால் நல்லா வச்சிருக்காங்க" என்று என்னிடம் சொன்னார். கன்னத்தில் காயமில்லாத அக்காவைப் பல வருஷத்துக்கு அப்புறம் அப்போதுதான் பார்த்தேன்.

மூன்றாம் வருஷம் ஆடி வந்தது. வேண்டுதலை முடிக்க வேண்டும் என்று மாமா ஆரம்பித்தார். ஐந்தாம் வருஷம் கொடுக்கலாம் என்றாள் அக்கா. "சாமி சொத்த வூட்ல வச்சிக்கினு எத்தினி நாளு வாழுவ? குலம் வெளங்குமா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டார். உறவுக்காரர்கள் அவர் பக்கம்தான் பேசினார்கள். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. ஆனால் அவர் எதற்காகச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். கிடாவுக்கும் தெரிந்திருக்கும் என்று எழுத ஆசைதான், அது ஆடு. மாமா எனக்குப் போன் செய்து, "மச்சான், அருவாள தீட்டி வை. ஒரே வெட்டு. இழுத்துக்கினு நிக்கக் கூடாது" என்றார்.

அடுத்த நாள் அக்கா இரண்டு பஸ் மாறி நீலசந்திரா வந்தாள். ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம். வரிசையில் நின்றாள், கறி வாங்க வந்தவள் மாதிரி. அவள் முறை வந்ததும், "நீ வெட்ட மாட்டேன்னு சொல்லுடா" என்றாள். நான் தொடையைக் கட்டையில் வைத்து வெட்டிக்கொண்டே, "நான் இல்லன்னா வேற ஆளு வெட்டுவான்க்கா" என்றேன். அவள் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள். பின்னால் ஒருவர், "அம்மா, சீக்கிரம் சொல்லுங்க, எவ்ளோ வேணும்" என்றார். "ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கல்யாணமானதிலிருந்து அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

கோயில் காம்பவுண்டுக்குள் வெட்டக் கூடாது என்று போர்டு இருக்கிறது. அதனால் எல்லாரும் சுவருக்கு வெளியே வேப்பமரத்தடியில் வெட்டுவார்கள். நாற்பது பேர் வந்திருந்தார்கள். அடுப்பு மூட்டி அண்டா ஏற்றியாகிவிட்டது. கிடாவை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு கொம்பாகப் பிடித்திருந்தார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றினார். ஆடு உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிலுப்பாவிட்டால் வெட்டக் கூடாது. வெட்டுகிறவனுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. முதுகில் எத்தனை குடம் ஊற்றினாலும் சில ஆடு அசையாது. காதுக்குள் நாலு சொட்டு விழுந்தால் சிலுப்பாத ஆடே கிடையாது. அதனால் முகத்தைத் துடைக்கிற மாதிரி தலைமாட்டில் நின்று, ஒழுகுகிற தண்ணீரைக் காதுக்குள் தள்ளிவிடுவோம். நூறு வேண்டுதல் வெட்டியிருக்கிறேன், நூறிலும் அப்படித்தான். அன்று நான் இடது கையால் கிடாவின் ஒரு காதையும், அரிவாள் பிடித்த வலது கையின் முழங்கையால் அதன் இன்னொரு காதையும் மூடிக்கொண்டேன்.

முதல் குடம். கிடா கழுத்து மாலையிலிருந்த வேப்பிலையைத் தின்றது. இரண்டாவது குடம். கூட்டத்தில் ஒருவன், "முனீஸ்வரன் சில்க் போர்டு ட்ராஃபிக்ல மாட்டிக்கினாரு போல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஐந்தாவது குடத்தில் யாரும் சிரிக்கவில்லை. பூசாரி குடத்தைக் கீழே வைத்தார். "உத்தரவு இல்லப்பா. வூட்ல ஏதோ கொறை இருக்கு. இட்டுக்கினு போய்டு" என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் அக்காவுக்காக ஒரு காரியம் செய்துவிட்டேன், ஒருவரும் பார்க்கவில்லை, ஒருவரையும் எதிர்க்கவும் இல்லை. அந்த நினைப்பு இருந்தது இரண்டு நிமிஷம்.

மாமா அக்காவைப் பார்த்தார். "என்னாடி கொறை? என்னா பண்ண நீ?" என்றார். கிடாவைக் கூட்டிவந்த கயிறு தரையில் கிடந்தது. அதை நாலாக மடித்து அவள் முகத்தில் அடித்தார். இரண்டாவது அடியில் உதடு கிழிந்தது. விழுந்தவளை வயிற்றில் உதைத்தார். முடியைப் பிடித்து வேப்பமரத்தில் மோதினார். பூசாரி, "சாமி எதிர்ல வேணாம்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். நாற்பது பேரும் நின்றார்கள். கிடா முண்டியது. கொம்பைப் பிடித்திருந்தவர்கள் விடவில்லை. மாமா அடுப்பிலிருந்து எரிகிற கட்டை ஒன்றை உருவினார். அவளைப் பார்த்து ஓங்கினார்.

நான் அரிவாளைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் அவர் முன்கையில் அடித்தேன். ஆட்டுத் தொடை எலும்பைத் தினமும் உடைக்கிறவன் நான். அதே சத்தம்தான் வந்தது. கட்டை கீழே விழுந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். அதோடு போதும். இரண்டாவது அடி தேவையில்லை. அடித்தேன். தோளில். மூன்றாவதற்கு ஓங்கியபோது அரிவாள் கையில் தானாகத் திரும்பி வாய்ப்பக்கம் முன்னால் வந்தது. தானாக என்று சொல்வது பொய். நான்தான் திருப்பினேன். மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஆச்சரியம்தான் இருந்தது, கட்டில் எழுந்து நடந்ததைப் பார்த்த மாதிரி. பின்னாலிருந்து அக்கா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "போதும்டா. எறக்கு" என்றாள். வாயில் ரத்தம் இருந்ததால் சரியாகக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் இறக்கினேன்.

அவள் எழுந்தாள். மரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கீழே வைத்திருந்த குடத்தில் மிச்சம் இருந்த தண்ணீரைக் கையில் அள்ளினாள். கிடாவின் தலைமாட்டுக்குப் போய், காதை நிமிர்த்தி, உள்ளே ஊற்றினாள். கிடா தலையிலிருந்து வால் வரை சிலுப்பியது. தண்ணீர் எல்லார் மேலும் தெறித்தது. "நீ மூடிக்கினு நின்னத பாத்துக்கினுதான்டா இருந்தேன்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். பிறகு பூசாரிக்குக் கேட்கும்படி, "சிலுப்பிடுச்சி. வெட்டு" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். "சாமிக்குக் குடுக்கறேன்னு சொன்னது நானு. இத்தினி நாளு எனக்குக் காவல் வேண்டியிருந்துது, வச்சிருந்தேன். இனிமே அத வச்சிக்கினா திருட்டு" என்றாள். ஒரே வெட்டில் முடித்தேன். அன்றைக்குக் கறி யாரும் சரியாகத் தின்னவில்லை.

மாமாவை அவர் ஆட்கள் ஆட்டோவில் கொண்டுபோனார்கள். முன்கையில் இரண்டு எலும்பும் போயிருந்தது, தோளும் இறங்கிவிட்டது. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார். போலீஸ் வந்து விசாரித்தது. அக்காவை அடித்தபோது எதையும் பார்க்காத நாற்பது பேர், நான் அடித்ததையும் பார்க்கவில்லை. அவர் ஓசூர் பக்கம் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு வருஷம் கழித்து ஒரு தடவை பண்ணைக் கேட்டில் வந்து நின்றார். இளைத்திருந்தார். தண்ணீர் கேட்டார். அக்கா சொம்பில் கொடுத்தாள். இடது கையால் வாங்கிக் குடித்தார். தான் தோண்டிய குழிகளில் நிற்கிற தூண்களையெல்லாம் பார்த்தார். "சட்டத்த மாத்தணும், உளுத்துப் போச்சி" என்றார். "மாத்திக்கறேன்" என்றாள் அக்கா. போய்விட்டார். போன மாசம் இறந்துபோனார் என்று தகவல் வந்தது. அக்கா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து ஆட்டுக்குத் தழை போட்டாள். நான் அழவில்லை. ஆனால் அந்த இரண்டாவது அடி தினமும் கையில் வருகிறது, கடையில் கட்டையில் எலும்பை வைக்கும்போதெல்லாம். முதல் அடி வருவதில்லை.

இப்போது பண்ணையில் அறுபதுக்கு மேல் இருக்கிறது. கிடாக்குட்டிகளை மூன்று மாசத்தில் காயடித்துவிடுகிறாள். பெட்டைகளுக்கு விட ஒரு பொலிகிடா மட்டும் தனிக் கொட்டிலில், கட்டி வைத்திருக்கிறாள். அடுப்பும் பாயும் உள்ளே போய்விட்டன. கடை லீவு அன்று நான் போவேன். ஆடு குனிந்து தின்னாது, தழையை உயரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். முதல் தடவை நான் கட்டுவதற்குக் கையைத் தூக்கியபோது, பக்கத்தில் குட்டிக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்த அக்கா, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு முழங்கையால் முகத்தை மூடினாள். குட்டி கீழே விழுந்துவிட்டது. அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. "பழக்கம்டா" என்றாள். நானும் அவள் எதிரில் அரிவாள் ஓங்கியவன்தானே.

அன்றிலிருந்து நான் சொல்லிவிட்டுத்தான் செய்கிறேன். தழைக்கட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் வந்ததும், "அக்கா, கைய தூக்கறேன்" என்பேன்.

அவள் வேலையை நிறுத்தி, என் கையைப் பார்த்து, "ம், தூக்கு" என்பாள்.

அப்புறம்தான் தூக்குவேன்.